தண்ணிக்கு வந்த பெரியவர்

எண்பதுகளில் நான் மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து லைன் வீட்டில் மல்லாந்து படுத்துத் தூக்கம். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவர் எங்கள் சர்ச் ஃபாதர். கெலமங்கலத்தைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மலை ஏறினால் இருளர்கள் கொஞ்சம் பேர் குடிசை போட்டிருக்கிறார்கள், அதற்கும் மேலே பாறை இடுக்கில் நல்ல ஊற்று இருக்கிறது, குழாய் போட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்றார். பைப்புக்கு அவர் ஏற்பாடு செய்வாராம், பூட்டத் தெரிந்த கை மட்டும் வேண்டுமாம். சர்ச் வாசலில் மடக்கிக் கேட்டால் எப்படி மறுப்பது? பட்டறையில் கூட வேலை செய்த மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனேன்.

அதுவரை அவர்கள் குடித்தது ஓடை மணலில் தோண்டிய குழித் தண்ணீர். மாடும் காட்டுப் பன்றியும் வாய் வைக்கிற குழி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதையா குடிக்கிறீர்கள், உங்களுக்கெல்லாம் அறிவில்லையா என்று போன அன்றைக்கே சத்தம் போட்டேன். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும் பதில் சொன்னாள். இவளுக்கு முன்னால் பிறந்த பையன் இந்தத் தண்ணீரில்தான் பேதியாகிப் போனான், தோளில் போட்டுக்கொண்டு கெலமங்கலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், பாதி வழியிலேயே முடிந்துவிட்டது, இவளாவது தங்க வேண்டும் என்றாள். அழாமல் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு பைப்பை எடுத்தேன்.

வேலை மழைக்காலம் வரை இழுத்தது. பைப்பைத் தோளில் சுமந்து ஏறுவதற்கே பாதி நாள் போய்விடும். நாங்கள் பைப் முனையில் மரை வெட்டி, ஒழுகாமல் இருக்கச் சணல் சுற்றி, ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். தொட்டி கட்டுவதற்கான மணலை ஓடையிலிருந்து அந்தப் பெண்தான் பெரும்பாலும் தலையில் சுமந்தாள். அவள் புருஷன் வாய் திறக்காத ஆள், கல் சுமந்தான். முதலில் அவள் என்னைச் சாமி என்று கூப்பிட்டாள். சாமி கோயிலில் இருக்கிறது, நான் ஃபிட்டர் என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அண்ணா. தொட்டி யார் வாசலில் வருவது என்று பெண்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. கடைசியில் குடிசைகளுக்கு நட்டநடுவில், அவள் வாசலுக்கு எதிரில் கட்டினோம். தண்ணீர் முதலில் செம்மண்ணாகக் கக்கி, பிறகு தெளிந்து விழுந்தது. அவள் உள்ளங்கையில் ஏந்திக் குழந்தைக்குத்தான் முதலில் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதற்கென்ன வெட்கம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு குழந்தைக்கும் பேதி வரவில்லை. இவள் குழந்தைக்குக் கன்னம் வைத்தது. நடக்கவும் பேசவும் அது கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் குழாயடியில்தான். எனக்கு அங்கே வேலை எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு, குழாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

அடுத்த கோடையில் ஒருநாள் போனபோது, ராத்திரியில் பெரியவர் தண்ணிக்கு வருகிறார் என்றாள். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. கீழ்நாட்டுப் பண்ணையார் எவனோ இவர்கள் தண்ணீரில் கை வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எந்த ஊர்ப் பெரியவர், வரச் சொல், நான் பேசிக்கொள்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பேசுங்கண்ணா," என்றாள் அவள். "தும்பிக்கையப் புடிச்சிக்கினு பேசுங்க."

காட்டுக்குள் யாரும் யானை என்று பெயர் சொல்ல மாட்டார்களாம். பெரியவர் என்றுதான் சொல்வார்களாம். நானும் சிரித்தேன். அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டதில் யானைகள் குடிக்கிற குட்டை வற்றிவிட்டது. தண்ணீர் வாசனைக்கு அவை குடிசை நடுவில் வரும் என்று நாங்களும் யோசிக்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. வாசலில் தண்ணீர் என்ற சந்தோஷத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? பொழுது சாய்ந்ததும் மேலே ஊற்றடியில் வால்வை மூடித் தொட்டியைக் காலி செய்துவிடுவது, விடிந்ததும் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. காலையில் திறக்கிற வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். குழாயில் வாஷர் தேய்ந்து ஒழுகுகிறது, அடுத்த தடவை வாங்கி வாருங்கள் என்றும் சொன்னாள்.

வாஷரோடு நான் போனபோது அவளைப் புதைத்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. விடியலில் வால்வைத் திறந்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். காலித் தொட்டிக்கு அந்தப் பக்கம் அது நின்றுகொண்டிருந்திருக்கிறது. சத்தம் கேட்டு மற்றவர்கள் வெளியே வந்தபோது, தொட்டியில் தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்ததாம்.

அதையெல்லாம் அவள் புருஷன்தான் சொன்னான். அவன் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு, குழாயைக் கழற்றிவிடுங்கள் அண்ணா, ஊரே அப்படித்தான் சொல்கிறது என்றான். எனக்குத் துக்கமா கோபமா என்று தெரியவில்லை, கத்திவிட்டேன். மறுபடியும் அந்தக் குழித் தண்ணீரா, உன் பையன் எப்படிப் போனான் என்று மறந்துவிட்டதா, அவள் எதற்காக அவ்வளவு மணல் சுமந்தாள் என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "பேதி வந்தா புள்ளையத் தூக்கிக்கினு ஓடலாங்கண்ணா," என்றான். "இதுக்கு எங்க ஓடுறது? ஊட்டு வாசல்ல வந்து நிக்குது."

தொட்டியைத் தள்ளி, பாறைப் பக்கம் கட்டித் தருகிறேன் என்றேன். அவன் என் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தான். நான் மாட்டிய குழாயை நானே கழற்றினேன். மேலே ஏறிப் போய் ஊற்றடியில் பைப்பையும் பிரித்துவிட்டேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது.

கிளம்ப மனசில்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன அவனோடு ஓடைக்கு நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவன் குழியில் கொட்டாங்குச்சியால் மொண்டு, துண்டில் வடிகட்டிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனான். அது ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பியது.

"இது வாணாம். அம்மா தண்ணி."

அவன் என்னைப் பார்க்கவில்லை. குடி கண்ணு, குடி கண்ணு என்று கெஞ்சிக்கொண்டே மறுபடியும் நீட்டினான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா தண்ணி, அம்மா தண்ணி என்று அழுதது. நல்ல வெயில், குழாயைக் கழற்றியதிலிருந்து எதுவும் குடிக்காத குழந்தை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தது.