ஒருமுறைதான் கேட்டார்கள்

"உங்கப்பா அங்க இன்னாவாத்தான் கீறாரு?"

சங்கராபுரத்தில் நான் தங்கிப் படித்த விடுதியின் சமையல்காரம்மா காசியம்மாள் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். துபாயில் இருக்கிறார், பெரிய கம்பெனி என்றேன். கம்பெனி பெரிசு என்றால் உங்கப்பாவும் பெரிசா என்று சிரித்துக்கொண்டே என் தட்டில் சாம்பார் ஊற்றினார். சாப்பிட்டு எழுந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பா கிளம்பியபோது நான் இரண்டாம் வகுப்பு. காசியம்மாள் கேட்டபோது பன்னிரண்டாம் வகுப்பு. அவர் என்னவாக இருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா பேசும்போது கேட்டேன். "சாரம் கட்றேம்மா" என்றார்.

என் அப்பா பெயர் தர்மன். எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சாமை விதைப்பார்கள், மரவள்ளி போடுவார்கள். அது வீட்டுச் சோற்றுக்கே சரியாக இருக்கும். அப்பா முதலில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார், பிறகு பெங்களூரில் கட்டட வேலைக்கு, அங்கிருந்து துபாய்க்கு. உலகத்தில் பல நாடுகளில் கட்டடம் கட்டுகிற கம்பெனி அது. இரும்புக் குழாய்களை இணைத்துப் பலகை போட்டு, மற்றவர்கள் நின்று வேலை செய்வதற்கான சாரத்தை உயரத்தில் எழுப்புவதுதான் அப்பாவின் வேலை. கட்டி முடித்த சாரத்தில் பச்சை அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்களாம். இதில் பயமில்லாமல் ஏறலாம் என்று அதற்கு அர்த்தம். அந்த அட்டையில் வேலையை மேற்பார்க்கிற ஃபோர்மேனின் கையெழுத்து இருக்கும். கட்டியவன் பெயர் இருக்காது. கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்பா செய்த வேலையில் ஒன்றுகூட அங்கே நிற்பதில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஃபோர்மேன் ஆக வேண்டும். சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி என்பதற்காக மட்டும் இல்லை. வெள்ளை ஹெல்மெட் போடலாம், அட்டையில் பெயர் எழுதலாம், வேலைத்தளத்தில் எல்லாரும் ஆள் நம்பரைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் ஆட்களுக்கெல்லாம் அப்பாதான் வேலை பழக்கினார். மணலூர்பேட்டைப் பக்கத்துப் பையன் தங்கமணிக்கும் முதல்முதலாக இடுப்பு பெல்ட்டை மாட்டிவிட்டு மேலே ஏற்றியவர் அவர்தான்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். திருவிழாவை முன்னின்று நடத்த ஊர்க்கூட்டத்தில் ஒருவரைக் கேட்பார்கள். கேட்டதும் அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எனக்கு எதற்கு, வேறு பெரியவர்களைப் பாருங்கள் என்று தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மறுபடி கேட்பார்கள். அதற்கும் மறுக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டால், நீங்கள் எல்லாரும் சொன்ன பிறகு நான் என்ன சொல்வது என்று ஒத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொன்னாலும் இதே கதைதான். வயிறு காய்ந்திருந்தாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்கள். ஒரு வருடம் கரியன் என்பவர் முதல் முறை கேட்டதுமே சரி என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பேரன் பிறந்த பிறகும் ஊரில் "ஒரே வாட்டி கரியன்" என்றுதான் பெயர்.

ஒரு நாள் அப்பாவின் தளத்துக்கு மானேஜர் வந்திருக்கிறார். அவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆபீசில் வேலை செய்யும் ராஜாங்கம் பக்கத்தில் நின்றார். தர்மன் நன்றாக வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன், ஃபோர்மேனாக இருக்க விருப்பமா என்று மானேஜர் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி சொன்னாராம்.

"எனக்கெதுக்குங்க. வேற பெரியவங்க யாருக்காச்சும் குடுங்க."

ராஜாங்கம் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மானேஜர் அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் அப்பா பேசியபோது இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் அவர் குரலில் கேட்டதில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் அம்மா பக்கத்திலேயே இருந்தேன். அம்மா பெயர் வெள்ளச்சி.

"கேட்டுட்டாங்க வெள்ளச்சி" என்றார் அப்பா.

"அவசரப்பட்டு சரின்னு சொல்லிடலியே?"

"சேச்சே. எனக்கு எதுக்குன்னுட்டேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பக்கத்து வீடுகளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். விடுதிக்குத் திரும்பியதும் நானும் காசியம்மாளிடம், எங்கப்பா ஃபோர்மேன் ஆகப்போகிறார் என்றேன். மறுபடி கேட்பார்கள் என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் துளியும் சந்தேகம் வரவில்லை.

அப்பா காத்திருந்தார். தளத்துக்கு மானேஜர் வரும் நாளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றார். ஒவ்வொரு வாரமும் அம்மா, மறுபடி கேட்டாங்களா என்பார். வேலை ஜாஸ்தி, கேப்பாங்க என்பார் அப்பா.

ஒரு நாள் தங்கமணி வெள்ளை ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு அவர்கள் தங்கும் அறையில் அப்பாவின் கட்டிலுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க வேணாம்னுட்டீங்களாமே. அதான் என்னைக் கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"சரின்னேண்ணே."

அப்பா இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாராம். தங்கமணி மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. அவன் கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

பிறகு அப்பா மனதைத் திடப்படுத்திக்கொண்டு ராஜாங்கத்திடம் போனார். தனக்கு விருப்பம் உண்டு என்று மானேஜரிடம் சொல்லச் சொன்னார். அதை அன்றைக்கே சொல்ல என்ன தடை என்று ராஜாங்கம் கேட்டார்.

"ஒரே வாட்டில எப்புடிங்க சொல்றது?"

ராஜாங்கம் கெட்டவர் இல்லை. ஆனால் இதை அவரால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து குழம்பு வாளியோடு வருகிறவர்கள் அப்பா முன்னால் நின்று, "தர்மண்ணே, கொழம்பு வோணுமா? மூணு வாட்டி கேக்கணுமா?" என்பார்களாம். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். இதை என்னிடம் சொன்னபோதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாளில் அந்த மானேஜர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவருக்கு அப்பா ஒரு நம்பர் மட்டும்தான்.

அதற்குள் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருந்தேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கள்ளக்குறிச்சிக்கும் மலைக்குமாக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக, எனக்கு அனுபவம் இருக்கிறது, அடுத்த முறை எனக்கு வாய்ப்புத் தாருங்கள் என்று பேசிப் பதிவு செய்து அப்பாவின் வாட்ஸ்அப்பிற்கு அனுப்பினேன். அப்பா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்தார். ஃபோனில் எனக்கு ஒப்பித்தும் காட்டினார். ஒரு நாள் ஆபீஸ் வாசல்வரை போய்விட்டார். மானேஜர் நிமிர்ந்து பார்த்து என்ன வேண்டும் என்றார். அப்பா குட்மார்னிங் சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

நான் ஃபோனில் கத்தினேன். சொல்ல வேண்டியதுதானே, வாய் இல்லையா என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீ சொன்னதெல்லாம் நாக்கு வரைக்கும் வந்துச்சிம்மா. நாமளா போயி எனக்குக் குடுன்னு எப்புடிக் கேக்கறது? இத்தினி வருசமா பாத்துக்கினுதான கீறாங்க?"

உண்மையில் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பா கட்டிய சாரத்தில் ஏறி எவ்வளவோ பேர் வேலை செய்தார்கள். எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். அதைவிடப் பெரிதாக அப்பா வாயால் என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் அவர்களுக்கு வாயால் சொன்னால்தான் புரிகிறது. எங்கள் ஊரில் ஒன்றுக்கு ஆசைப்படுகிறவன் அதை வாயால் சொல்லக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அப்பா மாட்டிக்கொண்டார். அம்மா இப்போதெல்லாம் மறுபடி கேட்டார்களா என்று விசாரிப்பதில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கிறார்.

போன மாதம் அப்பாவுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அதே வேலைக்கு. முட்டி வீங்குகிறது என்கிறார். இன்னும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே போய் அவருக்காகப் பேச என்னால் முடியாது. நான் பேசினாலும் யார் கேட்பார்கள் என்று தெரியாது. என்னால் முடிந்தது இதை எழுதுவதுதான்.

மலையிலிருந்தும் சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து ஊர்களிலிருந்தும் இன்றைக்கும் ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் என் அப்பாவின் கதையை அவரிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அங்கே ஒருமுறைதான் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்கிறவரை அவர் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கட்டும்.