ஏழாவது ஃபோல்டர்

அக்காவின் மடிக்கணினி மூடியில் இடது மூலையில் ஓர் ஒடுக்கு இருக்கிறது. கட்டைவிரலை வைத்தால் சரியாக உட்காரும். அது விழுந்த அன்று மூடியின் மேல் இரத்தமும் இருந்தது. இரத்தத்தை அக்கா ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். ஒடுக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் நான்தான். திறந்தால் இன்றும் அதே பழைய பாட்டு மென்பொருள்தான் வரும். இடப்பக்கம் ஃபோல்டர்களின் வரிசை: 01 சாமி, 02 நலுங்கு, 03 தாலி, 04 விருந்து, 05 பிறந்தநாள், 06 திருவிழா, 07 டெஸ்ட், 08 சாவு. இந்த வரிசையைப் போட்டவர் மச்சான், அக்காவின் கணவர். இப்போது அவர் கணவர் இல்லை. ஆனாலும் என் வாயில் மச்சான் என்றுதான் வருகிறது, பழக்கதோஷம்.

மச்சான் ஈப்போ வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சவுண்டு சிஸ்டம் போட்டுப் பிழைத்தவர். அந்த மனிதரிடமும் ஒரு நேர்த்தி இருந்தது என்று சொல்ல எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. அந்த மென்பொருள் பாட்டுகளைப் பாடகர் வாரியாக, பட வாரியாக, ஆண்டு வாரியாக எல்லாம் அடுக்கிக் காட்டும். அவர் அதையெல்லாம் மூடி வைத்துவிட்டார். பாதிப் பாட்டுகள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சிடிகளிலிருந்து ஏற்றியவை. பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘தெரியவில்லை’ என்றிருக்கும். பாட்டின் பெயருக்குப் பதில் வெறும் எண் இருக்கும். பாடகர் வாரியாகத் தேடினால் தாலி கட்டும் பாட்டும் ஒப்பாரியும் ஒரே ‘தெரியவில்லை’க்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அதனால் ஃபோல்டரைத் தவிர எதையும் அவர் நம்பியதில்லை. “பாட்டு யாரு பாடுனான்னு எவன் கேக்குறான்? எப்பப் போடணும்னு தெரிஞ்சா போதும்லா,” என்பார்.

ஒரு ஃபோல்டர் முடிந்தால் மென்பொருள் தானாகவே அடுத்த ஃபோல்டருக்குப் போகும்படி வைத்திருந்தார். நடுவில் எழுந்துபோய் நாலு பேரிடம் பேச, காருக்குப் பின்னால் நின்று ஒரு டின் பீர் குடிக்க அது வசதி. சாவு ஃபோல்டரைக் கடைசியில் வைத்ததும் யோசித்துத்தான். இழவு வீட்டில் ஒப்பாரி முடிந்த கையோடு நலுங்குப் பாட்டு கேட்டால் உதைதான் விழும். டெஸ்ட் ஃபோல்டரில் ஒன்பது உருப்படிகள், எல்லாம் உறுமியும் தப்பும் மட்டும். மனிதக் குரலே கிடையாது. ஸ்பீக்கரைச் சோதிக்க அதுதான் சரி என்பார். திருவிழாப் பாட்டு முடிந்து மேளம் வந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அதை ஏழாவதாக வைத்தார்.

நான் அப்போது டயர் கடையில் வேலை. இருபத்தேழு வயது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மச்சான் நாலு பெரிய ஸ்பீக்கர்களையும் ஹாலில் வைத்து டெஸ்ட் பண்ணுவார். நான்தான் அவற்றைக் கடைசி அறையிலிருந்து தூக்கிக்கொண்டு வருவேன். சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டால் தெரியாது, தள்ளி நின்று கேட்கவேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாடம். அதனால், “ரோட்டு முனைக்குப் போய் நின்னு கேளு தம்பி, பேஸ் எப்படின்னு போன் பண்ணிச் சொல்லு,” என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். எதிர்வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, சிரித்துக்கொண்டே சன்னல்களை மூடுவார். நான் தாமான் குடியிருப்பின் முனையில், தேத்தண்ணிக் கடைப் பக்கம் நின்று, காதில் போனை வைத்துக்கொண்டு சொல்வேன்: “நல்லா இருக்கு மச்சான். இன்னும் ஏத்தலாம்.”

இன்னும் ஏத்தலாம். எத்தனை ஞாயிறு இதைச் சொன்னேன் என்று தெரியாது. கால்மணி நேரம் கழித்து மூன்று தேத்தண்ணிப் பொட்டலங்களோடு திரும்புவேன். மச்சான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அக்கா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வெக்கையிலும் மலாய்ப் பெண்கள் போடும் முழுக்கை பாஜு குரோங் போட ஆரம்பித்திருந்தாள். ஏனென்று கேட்டதற்கு, “மலிவா கெடைச்சுச்சுடா, நாலு வாங்கிட்டேன்,” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் வாரம் முழுக்க எந்த விசேஷமும் இல்லாதபோதும் ஏன் டெஸ்ட் நடக்கிறது என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. தோன்றியதை மென்று விழுங்கிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

சித்தியவான் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டம் இருக்கிறது. இருக்கிறது என்பது பேச்சுக்கு. ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, லயங்களை இடித்து, கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் காரும் வேனுமாக வந்து சேருவார்கள். அந்த ஆண்டு சவுண்டு எங்கள் மச்சானுடையது. மத்தியானம் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. மச்சான் ஆறாவது ஃபோல்டரை ஓடவிட்டு, அக்காவைக் கணினி மேசையருகே உட்காரவைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அந்த மென்பொருளில் எதையும் தொட உத்தரவு இல்லை. அவள் முன்னால் கோயில் தலைவரின் அறிவிப்புக்காக மைக் திறந்தபடியே கிடந்தது. நான் நாலு வரிசை தள்ளி, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

திருவிழா ஃபோல்டர் முடிந்தது. மென்பொருள் சொன்னபடி ஏழாவதுக்குப் போனது. முதல் அடி விழுந்ததும் பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். மேளத்துக்கு நடுவே நாலு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் குரல் கேட்டது. “வேணாங்க… இனிமே செய்யமாட்டேங்க… தலையில வேணாங்க…” பந்தியில் கை நின்றது. ஒரு கணம் அது பாட்டில் உள்ளதென்றே நினைத்தேன். அந்த ஃபோல்டரில் குரலே கிடையாது என்பது அடுத்த கணம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா மேசைக்கு அடியில் குந்தியிருந்தாள். மைக் வயர் அவளோடு சேர்ந்து கீழே விழுந்து, மைக் அவள் முழங்காலருகே கிடந்தது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, முந்தானையைக் கடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். அடிக்க அங்கே யாரும் இல்லை. மேளம் மட்டும்தான் இருந்தது.

மச்சான் காரிலிருந்து ஓடிவந்தார். அவளைத் தூக்கியிருந்தால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட, நான் யோசித்திருப்பேன். அவர் முதலில் குனிந்து மைக்கை அணைத்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, “வெயிலு லா, மயக்கம்,” என்றார்.

சாம்பார் வாளியை எங்கே போட்டேன் என்று தெரியாது. கையில் ஸ்பீக்கர் ஸ்டாண்டின் இரும்புக் குழாய் இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. கணினியின் மேல் விழுந்து அதைப் பிடித்துக்கொண்டவரின் வலது கையில் இரண்டாவது அடி. விரல்களோடு சேர்த்து மூடியும் ஒடுங்கியது. மூன்றாவது இடது காதின் மேல். இரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. அதுவரை அத்தனை ஆண்களும் சோற்றுக் கையோடு சும்மா நின்றார்கள். நாலாவதற்கு ஓங்கியபோதுதான் பிடித்தார்கள். “மூணு வரைக்கும் எங்களுக்கே வேண்டித்தான் இருந்துச்சு,” என்று கோயில் தலைவர் பிறகு ஒருநாள் சொன்னார். மேளம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியிலிருந்த அக்காவுக்கு அடிப்பது யார், அடிபடுவது யார் என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள்தான் சுருங்கினாள்.

பாலாய் போலீஸ் நிலையத்தில் என்னை வைத்து விசாரித்தார்கள். பதினோரு மாதம் உள்ளே இருந்தேன். அக்கா பார்க்க வந்தபோது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சொல்லியிருந்தா நீ இங்கதானே வந்திருப்ப? எப்படியும் வந்துட்டே,” என்றாள். மச்சான் இப்போது ஹுத்தான் மெலிந்தாங்கில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வலது கை மடங்காது. இடது காது கேட்காது. அடித்ததற்கு நான் வருந்துகிறேனா என்று கேட்டால், இல்லை. அந்த மூன்று அடிகளும் எனக்கு இனித்தன. அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். அந்த இனிப்பு அவருக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

சவுண்டு சிஸ்டத்தை இப்போது அக்காதான் நடத்துகிறாள். ஃபோல்டர்களை அப்படியே வைத்திருக்கிறாள். ஏழாவதை அழித்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினேன். போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு கணினியைத் திறந்து, ஏழாவதை எனக்குக் காட்டினாள். வாரம் ஒரு பாட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டி, நின்றபடியே கேட்கிறாளாம். குந்தினால் அடுத்த வாரமும் அதே பாட்டு. “அஞ்சு வரைக்கும் வந்துட்டேன். இன்னைக்கி ஆறு. நீ ரோட்டு முனைக்கெல்லாம் போவாத, இங்கயே இரு,” என்றாள்.

ஆறாவது தொடங்கியது. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலுதட்டில் வேர்வை. சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். தலை குனியவில்லை, முழங்கால் மடங்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு எட்டு பின்வாங்கி, மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

“பயந்துட்டியாக்கா?” என்றேன்.

“பாட்டுக்கு இல்லடா,” என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். “மொதல்ல அதக் கீழ வையி.”

என் கையில் ஸ்பீக்கர் ஸ்டாண்டின் இரும்புக் குழாய் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கீழே வைத்தேன், விரல்கள் பிரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. கைகள் இரண்டையும் தொடைமேல் விரித்து வைத்து நான் நாற்காலியில் உட்காரும்வரை அக்கா அந்தப் பக்கமே நின்றாள். பிறகு வந்து, மூடியின் ஒடுக்கில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, ஆறாவதை முதலிலிருந்து போட்டாள்.