செல்லம்மா அக்கா கொடுத்த மண்

ஜீப்பின் பின்சீட் முழுக்க மண் பைகள். குப்பென்று ஆட்டு எரு வாசம்... கொற்கையிலிருந்து தூத்துக்குடி வரும் வரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தேன். வயல் மண்ணில் ஏன் இவ்வளவு எரு வாசம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையத்தில் எனக்கு முதல் வேலை. ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டு சேர்ப்பது எங்கள் பணியாம். கொண்டு சேர்த்த லட்சணத்தைக் கேளுங்கள்.

மாதக் கடைசிக்குள் மண் பரிசோதனை டார்கெட் முடிய வேண்டும். வயலில் இறங்கி நாங்களே மண் எடுப்பதுதான் முறை. நாங்கள் என்ன செய்தோம்? கொற்கை பஸ் ஸ்டாப்பில் ஜீப்பை நிறுத்தி, விவசாயிகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துணிப்பையைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை மண்ணோட வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

செல்லம்மா அக்கா அங்கே குத்தகை நிலத்தில் வாழை போடுகிறவர். கிணற்றில் உப்பு ஏறி, முந்தின வாழையெல்லாம் இலை ஓரம் கருகிப்போயிருந்தது. மறுபடி போடுவதா, நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதா என்று எங்கள் ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்திருந்தார்.

ரிப்போர்ட் வந்தது. உப்பு இல்லை, சத்து அபாரம்! நானே வாசித்துக் காட்டி, "தைரியமாப் போடுங்கக்கா" என்றேன். போட்டார்...

நாலு மாதத்தில் அத்தனையும் கருகியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வயலில் கால் வைத்தேன். தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது.

"எக்கா, அன்னைக்கு மண்ண எங்கன எடுத்திய?"

"ஆட்டுக் கொட்டில் பக்கத்துல, மேடம். யுனிவர்சிட்டில வச்சுப் பாக்கப் போற மண்ணுல்லா... இந்த வெள்ள மண்ணையா உங்க கைல குடுப்பேன்? நல்லா சலிச்சு, ஒரு கல்லுகூட இல்லாமத்தான கொண்டாந்தேன்."

ஊரே அப்படித்தான் செய்திருந்தது. விருந்தாளிக்கு யாராவது பழைய சோறு போடுவார்களா?

ஆத்திரம் தாங்காமல் மேலதிகாரியிடம் ஓடினேன். "தப்பான சாம்பிள் குடுத்தது அவங்க. நம்ம டார்கெட் முடிஞ்சாச்சுல்லா, விடுங்க" என்று அடுத்த ஃபைலை எடுத்தார். அவரைச் சொல்லி என்ன... ஜீப்பை விட்டு இறங்காதவள் நான்தானே.

இப்போது நானே மேலதிகாரி. ஜீப்பும் போவதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ், பைக்கு ஒரு க்யூஆர் கோடு, அவ்வளவுதான். "வயலுக்குப் போய் எடுங்கப்பா" என்று எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களிடம் தொண்டை வற்றக் கத்துகிறேன். "ஆப்புல பை ஃபோட்டோ மட்டுந்தான் மேடம் கேக்கு" என்கிறார்கள்.

அன்றைக்காவது பை வாங்க நேரில் போனோம். டீ குடித்தோம், பிள்ளைகளை விசாரித்தோம்... அதுவும் போயிற்று.

அக்கா நிலத்தை விட்டுவிட்டார். பழையகாயல் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போகிறார்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். அதே வயலில் ஒரு தம்பி புதிதாக வாழைக்கன்று வைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய் காரை நிறுத்தி இறங்கினேன்.

"வைக்காதீங்க தம்பி, இங்கன உப்பு ஏறிக் கெடக்கு!"

அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்து நீட்டினார். "மண்ணு அருமையா இருக்குன்னு யுனிவர்சிட்டியே குடுத்திருக்கு, பாருங்க."

பார்த்தேன். எங்கள் ரிப்போர்ட்தான். கீழே என் கையெழுத்து இருந்தது.