ஊதா நிற வரிகள்

இந்துப்ரியா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. முப்பத்தாறு வயதில், கல்லூரி வேலை நிரந்தரமாக வேண்டுமென்று பேரையூர்க் கண்மாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டில் பேராசிரியர் பாலசுந்தரம் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

2004-ல் அவளுக்கு நூலகமே தெப்பக்குளத்துப் பக்கம் சோணைமுத்து வைத்திருந்த பிரவுசிங் சென்டர்தான். பிரிண்டர் மாட்டிய ஒற்றைக் கம்ப்யூட்டரில் அந்த வட்டாரத்து ஆராய்ச்சி மாணவர் அத்தனை பேரும் தேடுவார்கள். தேடினால் வரும் பட்டியலில், யாராவது ஏற்கெனவே திறந்த தலைப்பு வரி ஊதாவாக மாறியிருக்கும். திறக்காதது நீலமாகவே கிடக்கும். "நாலு பேரு படிச்சிருக்காகன்னா சும்மாவா?" என்று ஊதாவை மட்டும் அச்செடுப்பாள். அம்மணிக்கு அம்புட்டு நம்பிக்கை!

பாலசுந்தரம் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தார். "எங்க பாத்தாலும் இதே மூணு கட்டுரைதானாம்மா? போன வருஷம் கண்மாய் பத்தி எழுதின ஸ்ரீராம்குமாரும் இதே மூணைத்தான் வச்சிருந்தான். ஏன் இந்த மூணுன்னு காரணம் எழுதிட்டு வாங்க. அப்புறந்தான் கையெழுத்து."

இதென்ன பெரிய விஷயம் என்று நேரே சென்டருக்கு வந்தாள்.

"சோணை, இந்த ஊதாவெல்லாம் யாரு யாரு படிச்சது? பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்."

"யாரும் படிக்கலக்கா. நாந்தேன் தொறந்தது."

"நீயா?"

"காலையில நெட்டு வருதான்னு பாக்கணும்ல? கண்மாய்னு முன்னாடி யாரோ அடிச்ச வார்த்தை தேடுற பெட்டியிலயே நிக்கும். அதத் தட்டி, மேல உள்ள மூணையும் தொறந்து மூடிருவேன். ஒரு வரி வாசிச்சதில்ல, சத்தியமா!"

கோபம் வந்தால் இந்துப்ரியாவுக்கு வீட்டு மொழியான சௌராஷ்டிரம்தான் வரும். வந்தது. சோணைமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லவேளை. அப்புறம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் திறந்து மூடியதை வைத்தா மூன்று வருஷ ஆராய்ச்சி!

நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து நீலத்தைத் திறக்கத் தொடங்கினாள். மழை பொய்த்ததால்தான் கண்மாய் வற்றியது என்று அந்த மூன்றும் சொல்லின. ஏழாம் பக்கத்து நீலமோ, வரத்துக் கால்வாயையே ரோடு அடைத்துவிட்டது என்று படத்தோடு சொன்னது. பஸ் ஏறிப் பேரையூர் போய்ப் பார்த்தாள். ரோடு அங்கேதான் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

மாதக் கடைசியில் காரணத்தையும் நீட்டினாள்: 'முதலில் எடுத்த மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தவர் சோணைமுத்து. நெட் வருகிறதா என்று பார்ப்பதற்காக.'

பாலசுந்தரம் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப ஸ்ரீராம்குமாருது, சார்?"

சிரிப்பு நின்றது. பேனாவை மூடினார்.

"அதுலயும் கையெழுத்துப் போட்டவன் நான்தாம்மா."