நான்காவது பெட்டி சும்மா இல்லை: அருமனைக்கு ஒரு வேலைப் பயணம்

போன சனிக்கிழமை அருமனைக்குப் போய்வந்தேன். சுற்றிப்பார்க்க அல்ல. அங்கே ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையத்தின் யு.பி.எஸ்ஸில் ஒரு பெட்டி இரண்டு நாளாக எச்சரிக்கை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும். மூத்த பொறியாளருக்குக் காய்ச்சல். எனவே நான் தனியாகப் போன முதல் வேலை இது. (எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். புதியவர்களிடம் பேச இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.)

வடசேரியில் காலை 6.20க்கு மார்த்தாண்டம் பேருந்து, ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து அருமனைப் பேருந்தில் பத்து கிலோமீட்டர் போல. பதினான்கு கிலோ மாற்றுப் பெட்டியை அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்திருந்தேன்.

"என்னது மக்களே, அம்மிக்கல்லா?" என்றார் அருமனைப் பேருந்தின் நடத்துநர். எங்கள் பக்கம் ஒரே ஆளையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கரண்ட் பெட்டி அண்ணா."

"கரண்டயும் சாக்குல கெட்டியாச்சா! அதுக்கு டிக்கெட் உண்டு, கேட்டியா."

மகளிருக்கு இலவசம், பெட்டிக்குப் பதினைந்து ரூபாய்.

8.40க்கு இறங்கும்போதே ஒலிபெருக்கிப் பாட்டு. டயாலிசிஸ் நிலையத்தை ஒட்டிய மாதா கோயிலில் திருவிழா.

அங்குள்ள யு.பி.எஸ்ஸில் ஐந்து கிலோவாட் பெட்டிகள் நான்கு. சுமையை நான்கும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். நிலையத்தின் சுமை பதினான்கு கிலோவாட். மூன்று பெட்டிகளே போதும். நான்காவது, ஒன்று படுத்தால் மற்றவை தாங்குவதற்கு. அதனால்தான் எதையும் நிறுத்தாமல் பழுதானதை உருவி மாற்றலாம்.

உள்ளே நான்கு நோயாளிகள் டயாலிசிஸில் இருந்தார்கள். பழுதான பெட்டியின் திருகுகளைக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். பதினேழு கிலோவாட். கையை எடுத்துவிட்டேன். உருவியிருந்தால் மிச்சம் மூன்றும் தாங்கியிருக்காது. மழையில் மின்சாரமும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

யு.பி.எஸ்ஸிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாக மதிலைத் தாண்டியிருந்தது. மைக் செட்டும் சீரியல் லைட்டும்! நிலைய மேலாளர் ஸ்டீபன் அண்ணன் திருவிழாக் கமிட்டியிலும் இருக்கிறார்.

"பாட்டு நின்னா ஊருக்காரங்க என்னைய சும்மா விடுவினுமா? நாலு பெட்டில ஒண்ணு சும்மாத்தானே கெடக்கு?"

கண்ணாடிக்கு அப்பால் நான்கு கட்டில்கள்.

"அண்ணா, சப்பரத்த எத்தன பேரு தூக்குவீங்க?"

"நாலு பேராக்கும்."

"ஒருத்தருக்குக் கால் வழுக்கினா?"

"மத்த மூணு பேரும் தாங்குவோம்லா."

"சப்பரத்துக்க மேல ரெண்டு பேரு ஏறி இருந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டில்களைப் பார்த்தார். "எனக்க மாதாவே!" என்று அவரே போய் வயரைப் பிடுங்கினார்.

பாட்டு நின்றது. திரையில் பதினான்கு. பெட்டியை உருவினேன். மற்ற மூன்றின் விசிறிகள் சற்று உரக்கச் சுழன்றன. இயந்திரங்களின் ஓசை மாறவேயில்லை. ஏழு நிமிடத்தில் புதியது ஏறியது.

இரண்டாம் கட்டிலிலிருந்த அம்மா கண் விழித்து, "பாட்டு எங்க மோளே?" என்றார். அந்த அறையில் யாருக்கும் தெரிந்த மாற்றம் அது ஒன்றுதான்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: திரையில் சதவீதத்தை நம்பாதீர்கள். எண்பத்தைந்து என்றால் இன்னும் இடமிருப்பதுபோலத் தோன்றும். ஒரு பெட்டியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கைப்பிடியைத் தொடுமுன் போடுங்கள், என்னைப் போல் பிறகல்ல. திருவிழாக் காலமென்றால் ஜன்னல்களையும் பாருங்கள்.

பழுதான பெட்டியை அதே சாக்கில் கட்டிக்கொண்டு 11.10க்குத் திரும்பும் பேருந்தில் ஏறியபோது வாடகை ஜெனரேட்டரின் உறுமலோடு பாட்டு மீண்டும் தொடங்கியிருந்தது. காலையில் பார்த்த அதே நடத்துநர்.

"அம்மிக்கல்லு விக்கலியா மக்களே?"

"இது வேற கல்லு அண்ணா," என்றேன். அவர் கேட்குமுன் பதினைந்து ரூபாயை நீட்டினேன்.