ஏணி போட்ட கோடு

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியதுதான் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. மகள் பம்பு நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளர்; ஆனாலும் மெயின் வால்வை மூட மறந்தாள். தண்ணீர் பீய்ச்சியது. தெறித்த நட்டை அப்பா இடது கையால் லபக்கென்று பிடித்தார்.

"கோல்கீப்பர் கைம்மா. அறுபத்தி மூணுலயும் துருப்பிடிக்கல."

"முதல்ல வால்வ மூடுங்கப்பா!"

மூடிவிட்டு, ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு திருட்டுத்தனத்தைச் சொன்னார்.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ஒரு கால்பந்து கிளப்பில் மூன்றாவது கோல்கீப்பர். அதாவது, பந்து மூட்டை சுமக்கிறவர். சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் முதல் கீப்பருக்கு விரல் முறிந்தது, இரண்டாமவருக்குக் காய்ச்சல். பயிற்சியாளர் சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு நீதான் நிக்கிற. சொதப்பினா ஒப்பந்தம் கிடையாது. உங்க மாமா கடைல போய் பெயிண்ட் கலக்கு."

கோல்கீப்பருக்கு முதுகில் கண் இல்லை. அதனால் கோலின் நடுவிலிருந்து நேராகக் குதிகாலால் புல்லில் ஒரு கோடு கிழித்துக்கொள்வார்கள். அதில் நின்றால் நடுவில் நிற்பதாக அர்த்தம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியபோது, எதிரணி கீப்பர் போட்ட கோடு அங்கே தயாராக இருந்தது. அந்த ஆளுக்கு ஏணி என்று பட்டப்பெயர். ஒரு வேலை மிச்சம் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டே நிமிடத்தில் பந்து வலப்பக்கமாக உள்ளே போனது. திரும்பிப் பார்த்தார். வலது கம்பம் எங்கோ வெளியூரில் நின்றது. ஏணி போகிற போக்கில் கிழித்துவிட்டுப் போன பொய்க் கோடு அது; ஒரு எட்டு இடப்பக்கம் தள்ளியிருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் ஏணி இரண்டு கையாலும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

கோட்டை அழிக்கத்தான் அப்பா காலைத் தூக்கினார். சட்டென்று வேறொன்று தோன்றியது. காலியாகக் கிடக்கிற பக்கம்தானே எல்லாரும் அடிப்பார்கள்? அப்பாவி முகத்தோடு அங்கேயே நின்றார். எதிராளி காலை ஓங்கியதும் வலப்பக்கம் பாய்ந்தார். நான்கு முறை. நான்கும் கைக்குள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

"உனக்கு நிக்கத் தெரியலடா, பிடிக்கத் தெரியுது," என்றார் பயிற்சியாளர். இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது.

அடுத்த வருடம் ஏணியும் அதே கிளப்புக்கு வந்து உயிர் நண்பரானார். அன்றிலிருந்து ஒரே பாட்டு: "என் கோட்டுல ஏமாந்தும் தப்பிச்ச பாரு, குருட்டு அதிர்ஷ்டம்டா உனக்கு." அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் பவ்யமாகத் தலையாட்டினார்.

"ஏம்ப்பா அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடங்கிடுவானே! இப்ப முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கான். எழுந்து ஓட முடியாது. சனிக்கிழமை நேர்ல போய்ச் சொல்லி, அந்த மூஞ்சியப் பாக்கணும்."

வியாழக்கிழமை காலை அப்பாவின் இதயம் நின்றது.

ஏணியால் வர முடியவில்லை. போனில் நெடுநேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த மேட்ச்ல மட்டும் உங்கப்பனுக்குச் சுத்தமான அதிர்ஷ்டம்மா," என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். இது போனில் சொல்கிற விஷயமில்லை என்று மூடிக்கொண்டாள். சனிக்கிழமைக்கான பஸ் டிக்கெட், பதினாலாம் நம்பர் ஜன்னல் சீட்டு, அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.