கிழங்கும் சோறுதான்

மகளின் பின்கழுத்தில் கருப்பு படரத் தொடங்கியது அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அழுக்கு என்று நினைத்தேன். தேங்காய்க் கதம்பை நாரும் பயற்றுமாவும் வைத்து நானே தேய்த்தேன். தோல் சிவந்து எரிந்ததே தவிர கருப்பு போகவில்லை. "மைனி, பிள்ளைய நல்லாத் தேய்ச்சுக் குளிக்கச் சொல்ல மாட்டியளா?" என்று கோயில் வாசலில் நாலு பேர் காதில் விழக் கேட்டாள் கணவரின் தங்கை. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து தேய்த்தேன்.

அது அழுக்கு இல்லை. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சுரந்தும் உறுப்புகள் அதற்குக் கட்டுப்படாத நிலை) இருந்தால் தோல் அப்படிக் கறுக்கும். இதை ஒருவர் எனக்குச் சொல்ல இரண்டரை வருடம் ஆனது. அதற்குள் மூன்று மருத்துவர்கள் அந்தக் கழுத்தைப் பார்த்திருந்தார்கள்.

மாதவிடாய் நான்கு மாதம் வராதபோது தக்கலையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். மாத்திரை போட்டால் வரும், நிறுத்தினால் நிற்கும். ஒரு வருடம் இப்படியே ஓடியது. சர்க்கரை பார்க்கலாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எடையைக் குறைக்க வேண்டும், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பிறகு வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு சேர்வது) இரண்டாம் நிலை என்று வந்தது. இது இப்போது எல்லாருக்கும் இருக்கிறது என்று தாளை மடித்துத் தந்தார் இரண்டாமவர். எல்லாருக்கும் இருந்தால் அது நோய் இல்லையா?

கல்லூரியில் நடந்த முகாமில்தான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மூன்றாமவர் மாத்திரை எழுதி, சோற்றைக் குறைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

நான் அப்படியே செய்தேன். சோற்றை அடியோடு நிறுத்தினேன். பதிலுக்கு மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்து மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். சீனிக் காப்பிக்குப் பதில் கருப்பட்டிக் காப்பி. எங்கள் பக்கத்தில் சோறு என்றால் அரிசி மட்டும்தான். கருப்பட்டியை யாரும் சீனியோடு சேர்ப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) கூடியிருந்தது. வெளியே ஒளித்துத் தின்கிறாள் என்று முடிவு செய்தேன். கல்லூரிக்குப் புறப்பட்டு நின்றவளின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். புத்தகங்களும் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் விழுந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "நீ தாறதத்தானம்மா தின்னுதேன்" என்றாள். நான் நம்பவில்லை.

நான்காவதாக நாகர்கோவிலில் பார்த்தவர் இளைஞர். இவள் ஒளித்துத் தின்கிறாள் என்று அவரிடமும் சொன்னேன். நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் கேட்டார். அதுவரை யாருமே கேட்காத கேள்வி.

"கிழங்கு எவ்வளவு மக்கா?"

"ஒரு தட்டு நிறைய. சோறு தொடவே இல்ல டாக்டர்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கிழங்கும் சோறுதான், கேட்டியளாம்மா? கருப்பட்டியும் சீனிதான். பிள்ள ஒண்ணும் ஒளிச்சுத் திங்கல்ல."

பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். மிஞ்சுகிற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கிச் சேர்க்கிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்கு அடங்காமல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதை அடக்கக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, மாதவிடாய் நின்றுபோகிறது. கழுத்தைக் கறுக்க வைத்ததும் அதுதான். தனித்தனி நோய்கள் என்று நாங்கள் அலைந்ததெல்லாம் ஒன்றின் பின்னால்தான். இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் மற்ற மூவரிடமும் இல்லை. இதை நான் மன்னிப்பதாக இல்லை. பையைக் கவிழ்த்த கையையும்தான்.

சோறு ஒரு கைப்பிடி, மீதித் தட்டில் கீரை, பயறு, மீன். தினமும் நடை. சர்க்கரை மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. எட்டு மாதத்தில் எண்பத்திரண்டு கிலோ எழுபத்துமூன்றானது. சர்க்கரை இறங்கியது. கல்லீரல் கொழுப்பு முதல் நிலைக்குக் குறைந்தது. மாதவிடாய் மாத்திரையை மருத்துவரே நிறுத்திப் பார்த்தார்.

ஏழு வாரம் கழித்து, நான் பூதப்பாண்டியில் என் அலுவலகத்தில் இருந்தபோது அவள் போன் செய்தாள். "தானா வந்துட்டும்மா" என்றாள். பிறகு, "இப்பமாவது என்னை நம்புதியா?" என்று கேட்டாள்.

எடை ஏறினால் எல்லாம் திரும்பி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வருடம் இப்போது ஒரு எச்பிஏ1சி சோதனையிலிருந்து அடுத்த சோதனைக்கு, மூன்று மூன்று மாதமாகத்தான் நகர்கிறது. அவள் உடம்பைப் பார்க்கும்போது பருமன் என் கண்ணில் படுவதில்லை, உள்ளே ஓயாமல் உழைக்கும் உறுப்புகளைத்தான் நினைக்கிறேன். ஆனாலும் அவள் தட்டை எடுத்ததும் என் கண் அதன்மேல் போய்விடுகிறது. அதை அவள் கவனிக்கிறாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வதற்குள் ஒரு நொடி கடக்கிறது. அந்த ஒரு நொடியை என்னால் இன்னும் குறைக்க முடியவில்லை.